தோட்டப் பள்ளியும் கல்விச் சீர்திருத்தமும்

சிலாங்கூர் ஆற்றை அடுத்த பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்திற்கு மலாயாவின் தோட்ட வரலாற்றில் தனியிடம் உண்டு. வணிக நோக்கில் எண்ணெய்ப்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது, 1917-ஆம் ஆண்டில், அங்குள்ள தென்னமரம் தோட்டத்திலேயாகும். அத்தகைய தோட்டங்களில் உழைத்த தமிழர்தம் பிள்ளைகளுக்குக் கல்விச் சீர்திருத்தங்கள் அளித்த பயன் யாது என்பது ஆராயத்தக்கது.

தோட்டப் பள்ளி கல்வித் திட்டத்தால் பிறந்ததன்று. தொழிலாளர் சட்டத்தால் பிறந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவ்விதியை நிறைவேற்ற ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும் போதும் என்றே பல தோட்டங்கள் கருதின.

பின்னர் வந்த மாற்றங்கள் பெரியவை. 1951-ஆம் ஆண்டுப் பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாக மலாயும் ஆங்கிலமும் பயிற்றும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையோ தமிழ்த் தொடக்கப் பள்ளியை நாட்டின் கல்வி முறைக்குள் ஏற்று, எல்லார்க்கும் பொதுவான பாடத்திட்டத்தை வகுத்தது. 1962 முதல் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. 1965-இல் இடைநிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு நீங்கி, ஒன்பதாண்டுக் கல்விக்கு வழி பிறந்தது. ஆறாம் வகுப்போடு பால்மரத்திற்குச் சென்ற பிள்ளைக்கு இவை அரிய பேறு என்பதை மறுப்பார் இலர்.

எனினும், வாயிலைத் திறப்பது வேறு; வாயில்வரை வர வழி செய்வது வேறு. தமிழ்ப் பள்ளி மாணவர் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் பயில வேண்டியவராயினர். பிற்காலத்தில் மலாய்மொழித் தேர்ச்சி பெற்றவர்க்கே அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. வறிய குடும்பத்திற்கு ஓராண்டு என்பது ஒரு கூலியின் இழப்பு. பயிற்றுமொழி மாற்றம், பட்டணப் பள்ளியின் தொலைவு, பேருந்துக் கட்டணம் ஆகியவையும் அக்குடும்பத்தின் மீதே விழுந்தன.

பள்ளி நின்ற நிலமோ தோட்டத்திற்குரியது. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றபின்னும், ‘பகுதி உதவி’ பெறும் பள்ளியின் நிலமும் கட்டடமும் பிறர் கையிலேயே இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், நிலம் வேறு பயனுக்கு மாறியபோதும் குடும்பங்கள் பெயர்ந்தன. பள்ளிகள் மாணவரை இழந்தன. 1957-இல் 888-ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் 2010-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 520-ஆகக் குறைந்தன.

தமிழ்வழிக் கல்வியே பின்னடைவிற்குக் காரணம் என்பார் உளர். அக்கூற்று, மொழியின் குறையையும் கொட்டகையின் குறையையும் ஒன்றாகக் குழப்புவது. வேறுபட்ட நிலைமைகளில் உள்ளாரை ஒரே விதியால் நடத்துவது சமத்துவம் ஆகாது.

பத்தாங் பெர்ஜுந்தாய் 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. இன்று அவ்வூரில் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளுள் எத்தனைபேர் உயர்கல்வியை எய்துகின்றனர் என்பதே சீர்திருத்தத்தை எடைபோடும் சரியான அளவுகோல்.