தீர்ப்புக்குப் பின்னும் நிற்கும் முறையீடு

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸரா நகரில் இயங்கிய அறிஞர் குழுவொன்று ‘இக்வானுஸ் ஸஃபா’ (தூய்மையின் சகோதரர்கள்) எனத் தன்னை அழைத்துக்கொண்டது. தம் பெயர்களை வெளியிடாமல் அவர்கள் எழுதிய 52 ரிஸாலாக்களுள் 22ஆவது, விலங்குகளைப் பற்றியது. மனிதன் மீது விலங்குகள் ஜின்களின் அரசனிடம் தொடுத்த வழக்கு அதன் பெரும்பகுதியாகும். 1316இல் ஹீப்ரு மொழிக்குச் சென்ற இவ்வழக்கை, கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக மௌலவி இக்ராம் அலி 1810இல் உருதுவில் தந்தார். இக்குழுவினரின் கொள்கை குறித்து உலமாக்களுக்கு இருந்துவரும் ஐயம் நாம் அறியாததன்று. எனினும், ஐயத்திற்குரியோர் எழுப்பிய வினா ஐயத்திற்குரியதாகிவிடாது.

கதை எளிது. புயலில் சிக்கிய கப்பலொன்று ஜின்களின் தீவில் ஒதுங்குகிறது. அதிலிருந்து இறங்கிய மனிதர்கள், அங்கே சுதந்திரமாக வாழ்ந்த விலங்குகளைப் பிடித்துப் பூட்டவும் சுமை ஏற்றவும் முற்படுகின்றனர். விலங்குகள் அரசன் பீவராஸ்பிடம் முறையிடுகின்றன. “இவை எம் அடிமைகள், நாங்கள் எஜமானர்கள்” என்பதே மனிதர்களின் வாதம். அதற்கு அரசன் ஆதாரம் கேட்கிறான்.

இந்நூலின் உயிர் அந்த ஆதாரங்கள் ஒவ்வொன்றாக உதிரும் விதத்தில் இருக்கிறது. நிமிர்ந்த உடலமைப்பை மனிதன் காட்டினால், அவரவர் வாழ்வுக்கு ஏற்ற உருவமே அவரவருக்கு அளிக்கப்பட்டது என்று விடை வருகிறது. தீனியிட்டுக் காக்கிறோம் என்றால், அது அன்பாலன்று, போட்ட விலை வீணாகிவிடுமோ என்ற அச்சத்தால் என்று விலங்குகள் சுட்டுகின்றன. கைத்தொழிலைப் பெருமையாகச் சொன்னால், அளவுகோலும் கவராயமும் இன்றி அறுகோண வீடு கட்டும் தேனீ சாட்சியாகிறது. இவற்றுள் ஒன்றுக்கேனும் மனிதர் தரப்பால் முறையான மறுப்புத் தர முடியவில்லை.

இறுதியில் ஹிஜாஸைச் சேர்ந்த ஒருவர் எழுந்து மறுமையையும் சுவனத்தையும் நினைவூட்டுகிறார். வாக்குறுதியோடு எச்சரிக்கையும் உங்களுக்குத்தானே என்கின்றன விலங்குகள். எவ்வாறாயினும் நிலைத்த வாழ்வு மனிதனுக்கே என்றும், நபிமார்களும் இறைநேசர்களும் அவனிடையே தோன்றினர் என்றும் அவர் பதிலுரைக்கிறார். விலங்குகள் இதனை ஒப்புக்கொள்ள, தீர்ப்பு மனிதனுக்குச் சாதகமாகிறது.

இந்த முடிவை ஆசிரியர்கள் அச்சத்தால் ஒட்டவைத்த பூச்சு என்பாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. உடலழகு, அறிவு, தொழில் ஆகிய அனைத்தும் தள்ளுபடியான பின் எஞ்சியது, மனிதன் கேள்விகணக்குக்கு உட்பட்டவன் என்ற ஒன்றே. இது சலுகையன்று, சுமை. வழக்கில் வென்றவன் அதைவிடப் பெரிய நீதிமன்றத்திற்கு அழைக்கப்படுகிறான்.

நமது குறை வேறு. தொடக்கத்தில் கழுதையும் எருதும் ஒட்டகமும் எழுந்து தாம் பட்ட அடியையும் சுமந்த பாரத்தையும் சொல்லி அழுதன. எஜமானன் யார் என்பதற்குத் தீர்ப்பு வந்தது. அடித்தது சரியா என்பதற்கு வரவில்லை. இந்த ரிஸாலாவைப் படித்த மாணவர் ஒருவர், “அப்படியானால் கழுதையின் முதுகுப் புண்ணுக்கு யார் பொறுப்பு?” என்று கேட்டார். நூலுக்குள் அதற்கு விடையில்லை.

விடை ஃபிக்ஹில் இருக்கிறது. ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், தம் ‘கவாஇதுல் அஹ்காம்’ நூலில் மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகிறார். மூப்பாலோ நோயாலோ பயன் தராமற்போன விலங்குக்கும் உணவளிக்க வேண்டும். தாங்காத சுமை ஏற்றலாகாது. துன்புறுத்தும் விலங்கோடு சேர்த்து அடைக்கலாகாது. அதன் கண்ணெதிரே அதன் குட்டியை அறுக்கலாகாது. கதாசிரியர்கள் மறந்த புண்ணைச் சட்ட அறிஞர் மறக்கவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. ரிஸாலாவின் விலங்குகள் மனிதனின் அரபியில், மனிதனின் தர்க்கத்தில் பேசுகின்றன. உண்மையில் அவற்றின் பேச்சு வேறு. தேனீ தன் நடனத்தால் உணவின் திசையையும் தொலைவையும் உணர்த்துவதைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிறுத்தைக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என வெவ்வேறு எச்சரிக்கை ஒலிகளை எழுப்பும் வெர்வெட் குரங்குகளைக் கென்யாவின் அம்போசெலியில் ஆராய்ந்தோர் 1980இல் முடிவுகளை வெளியிட்டனர். பதிவு செய்த ஒலியை மட்டும் கேட்கச் செய்தபோதும், சிறுத்தை ஒலிக்குக் குரங்குகள் மரமேறின. கழுகு ஒலிக்கு வானம் நோக்கின. பாம்பு ஒலிக்குத் தரையை ஆராய்ந்தன.

இத்தகைய செய்தி வந்தவுடன், இது நம் வேதத்தில் முன்பே உள்ளதென்று மேடையில் முழங்கி அமர்ந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. திருக்குர்ஆன் விலங்குகளையும் பறவைகளையும் குறிக்க ‘உம்மத்’ என்பதன் பன்மையையே ஆள்கிறது; அவற்றின் துதியை நாம் விளங்கிக்கொள்வதில்லை என்றும் உணர்த்துகிறது. முன்னது கடமையையும் பின்னது பணிவையும் கோருகின்றன. பெருமிதத்தை இரண்டுமே கோரவில்லை. நமக்கு விளங்காததால் அவற்றிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா?

ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிக் கூடும் ஆட்டுச் சந்தைக்குச் சென்று பார்ப்போம். கால்கள் கட்டப்பட்டு வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தப்பட்ட ஆடுகள், தண்ணீரின்றி வெயிலில் நாள் முழுதும் நிற்கின்றன. கத்தியைத் தீட்டிக்கொள்ளவும் அறுக்கப்படும் பிராணிக்கு எளிதாக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஜும்ஆவில் கேட்டவர்களே அதை ஓட்டி வந்தவர்களும் வாங்கிச் செல்பவர்களும். குர்பானி ஓர் இபாதத். அதற்கு முந்தைய அந்தப் பயணமும் அதில் சேர்ந்ததே.

பீவராஸ்பின் சபை கலைந்துவிட்டது. எஜமானன் என்ற பட்டம் நம்மிடம் இருக்கிறது. அதைப் பெற்றுத் தந்த ஒரே வாதம் மறுமை என்பதால், அந்த ஆட்டுக்கு ஒரு வாளித் தண்ணீர் வைத்தோமா என்ற கேள்வியும் அங்கேதான் நம்மை எதிர்கொள்ளும்.