சாம்பெரிச் சேறும் 11.699 நொடியும்

சேற்றில் நடக்கும் மலை சைக்கிள் பந்தயத்தை 'லாட்டரி' என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வழுக்கினவன் தோற்றான், வழுக்காதவன் ஜெயித்தான், இதில் அலச என்ன இருக்கிறது என்பார்கள். சுவிட்சர்லாந்தின் சாம்பெரி மலைச்சரிவில் நடந்த இரண்டு டவுன்ஹில் (ஒவ்வொருவராகக் கீழே இறங்கி நேரத்தோடு போட்டியிடும்) பந்தயங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அதிர்ஷ்டத்தின் பங்கு எது, திறமையின் பங்கு எது என்று பிரித்துவிடலாம்.

முதலாவது, 2011 உலக சாம்பியன்ஷிப். செங்குத்தான காட்டுப் பாதை மழையில் ஊறிக் கிடந்தது. இங்கிலாந்தின் டேனி ஹார்ட்டுக்கு அப்போது வயது 19. இரண்டாமிடம் பெற்ற பிரெஞ்சு வீரர் டேமியன் ஸ்பன்யோலோவைவிட 11.699 நொடி குறைவான நேரத்தில் அடிவாரத்தைத் தொட்டார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்த விளையாட்டில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே ஓரிரு நொடி இருந்தாலே அதிகம்.

அந்த நொடிகளை ஹார்ட் சம்பாதித்தது பிரேக்கில். சேற்றில் பயம் வந்ததும் விரல் தானாகப் பிரேக்குக்குப் போகும். பிரேக் பிடித்துச் சக்கரம் உருளாமல் நின்றுவிட்டால், ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி சறுக்குகிற பக்கம்தான் போகும். பாதையின் குறுக்கே கிடக்கும் ஈர வேர்கள் இன்னும் மோசம். பிடி இருக்கும் இடத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வேர்மேல் பிரேக்கைத் தொடாமல் நேராக ஏறிக் கடக்க வேண்டும். ஹார்ட்டின் வீடியோவைப் பாருங்கள். வண்டி விலகுகிறது, கால் சட்டென்று வெளியே வருகிறது, ஆனாலும் வேகம் குறைவதில்லை. கடைசித் தாவலில் அந்தரத்தில் வண்டியைப் பக்கவாட்டில் வீசிக் காட்டவும் அவருக்குத் தெம்பு இருந்தது!

கருவிகளுக்கும் பங்கு உண்டு. சேற்று டயரில் ரப்பர் பட்டன்கள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கும். மேல்சேற்றைக் குத்திக் கீழே இருக்கும் கெட்டி மண்ணைப் பிடிக்கும், ஒட்டிய சேறும் உதிர்ந்துவிடும். அதே பட்டன்கள் பாறைமேல் வளைந்து நெளியும் என்பதால் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் இந்த டயர் எல்லோருக்கும் கிடைப்பதுதான். 11 நொடிக்கு அது கணக்குச் சொல்லாது.

இரண்டாவது, அதே மலையில் 2007-ல் நடந்த உலகக் கோப்பைப் பந்தயம். தகுதிச் சுற்றில் வேகமாக வந்தவர் இறுதியில் கடைசியாக இறங்குவது உலகக் கோப்பை முறை. வெயில் நாளில் இது சலுகை, எட்ட வேண்டிய நேரம் முன்கூட்டியே தெரிந்துவிடும். நடுவில் மழை வலுத்தால் இதுவே தண்டனை. அன்று பின்லாந்தின் மட்டி லெஹிகொய்னென் ஜெயித்தார். மழை வலுத்தபின் இறங்கிய ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் மூன்றாமிடம் பிடித்தார். காலைக் கவ்விப் பிடிக்காத தட்டைப் பெடலில் அவர் இறங்கிய விதத்தை, ஜெயித்தவரின் ஓட்டத்துக்கும் மேலாக இன்றும் பேசுகிறார்கள்.

ஆக, லாட்டரி சேற்றில் இல்லை. மழை பெய்த நேரத்தில் இருக்கிறது. கிரிக்கெட்டில் மழைக்கு டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் கணக்கு இருக்கிறது, டவுன்ஹில்லில் அப்படி ஒன்றும் இல்லை. அதனால் ஈர நாளின் முடிவுப் பட்டியலில் இடத்தை மட்டும் பார்க்காமல், ஒரு வீரரை அவருக்குச் சற்று முன்னும் பின்னும் இறங்கியவர்களோடு ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் ஹில்லின் மூன்றாமிடம், ஹார்ட்டின் தங்கத்துக்குச் சமமான ஓட்டம் என்பேன்.