அறையே படைப்பாகும் கலை

ஜெர்மனியின் ஹனோவர் நகரில் தாம் குடியிருந்த வீட்டின் அறையையே குர்ட் ஷ்விட்டர்ஸ் 1923 வாக்கில் படைப்பாக மாற்றத் தொடங்கினார். மரப்பலகையும் சாந்தும் கொண்டு தூண்களும் பொந்துகளும் எழுப்பினார். நண்பர்களுடைய சிறு பொருள்களை அவற்றுக்குள் பொதித்து வைத்தார். ஓர் அறையில் அடங்காமல் அது அடுத்தடுத்த அறைகளுக்கும் பரவியது. ‘மெர்ஸ்பாவ்’ என்று அதற்குப் பெயரிட்டார். 1937இல் நாஜிகளிடமிருந்து தப்பி அவர் நார்வேக்குப் போனபோது அதை உடன் எடுத்துச் செல்ல வழியில்லை. 1943இல் விழுந்த குண்டுகளில் வீட்டோடு அதுவும் போயிற்று. இடத்தோடு பிறந்து இடத்தோடு அழிவது, இப்படி இடத்தையே படைப்பாக்கும் நிறுவல் கலையின் இயல்பு.

இக்கலையின் தொடக்கமாக மார்செல் துஷாம் 1917இல் கண்காட்சிக்கு அனுப்பிய சிறுநீர்க் கலத்தைப் பலரும் காட்டுவார்கள். எனக்கு அவருடைய பிற்கால வேலைகளே முக்கியமாகப் படுகின்றன. 1938இல் பாரிஸ் சர்ரியலிசக் கண்காட்சியின் கூரையிலிருந்து நிலக்கரிச் சாக்குகளைத் தொங்கவிட்டார். 1942இல் நியூயார்க்கில் ஓவியங்களுக்குக் குறுக்கே கூடம் முழுவதும் நூலை இழுத்துக் கட்டினார். படத்தைப் பார்க்க வந்தவர் தம் உடம்பை வளைத்து வழி தேட வேண்டியதாயிற்று. பார்வையாளரின் உடலைப் படைப்புக்குள் இழுத்த கணம் அது.

1961இல் ஆலன் கப்ரோ ஒரு கொல்லைப்புறம் நிறையப் பழைய டயர்களைக் கொட்டி, வந்தவர்களை ஏறி நடக்கவிட்டார். ‘ஹாப்பனிங்’ என்னும் நிகழ்வுக் கலையும் அவர் வழியில் வளர்ந்ததே. இத்தாலியில் ‘ஆர்தே போவெரா’ அணியினர் மண், துணி, கரி போன்ற எளிய பொருள்களை எடுத்துக்கொண்டனர். அவர்களுள் யானிஸ் கூனெல்லிஸ் 1969இல் ரோமின் காட்சிக்கூடம் ஒன்றில் உயிருள்ள 12 குதிரைகளைக் கட்டி வைத்தார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஜேம்ஸ் டரெல் போன்றோர் வெறும் ஒளியாலேயே அறையை நிரப்பினர்.

என் மனம் தங்குவது நினைவைச் சுமக்கும் மரபில்தான். சோவியத் மாஸ்கோவில் இல்யா கபகோவ் 1985இல் ஒரு சிற்றறையை அமைத்தார். சுவரெங்கும் சுவரொட்டிகள், நடுவே ஸ்பிரிங் பொருத்திய இருக்கை, கூரையில் பெரிய ஓட்டை. அங்கே குடியிருந்தவன் விண்வெளிக்குப் பறந்துவிட்டான் என்பது கதை. ஒரு வார்த்தை அரசியல் பேசாமல் அந்த வாழ்க்கையின் மூச்சுமுட்டல் முழுவதையும் அந்த அறை சொல்லிவிடுகிறது. இந்தியாவில் விவான் சுந்தரம், பம்பாய்க் கலவரத்தின்போது தெருவில் கிடந்த ஒருவரின் பத்திரிகைப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு, பெயர் தெரியாத அந்த மனிதருக்கு 1993இல் ‘மெமோரியல்’ என்னும் நினைவிடம் அமைத்தார்.

இத்தகைய படைப்பை எதைக்கொண்டு மதிப்பிடுவது? அளவைக்கொண்டு அல்ல, பார்வையாளர் அதில் பங்குகொள்வதைக்கொண்டு. ஐ வெய்வெய் 2010இல் லண்டன் டேட் மாடர்னில் கைவினைஞர்கள் செய்த 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். முதலில் மக்கள் அதன்மேல் நடந்தார்கள். பீங்கான் தூசு உடலுக்குக் கேடு என்று சில நாள்களிலேயே அது தடுக்கப்பட்டது. அதன்பின் ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பாதிப் படைப்பே என்பேன். காலடியில் நொறுங்கும் ஓசையும் கையில் அள்ளும் உணர்வும் அதன் உறுப்புகள்.

இன்னொரு அளவுகோல் இடம். ரிச்சர்ட் செர்ராவின் ‘டில்டட் ஆர்க்’ நியூயார்க் சதுக்கம் ஒன்றின் குறுக்கே 1981இல் நிறுத்தப்பட்ட எஃகுச் சுவர். வழியை மறிக்கிறது என்று அங்கே வேலை செய்தோர் எதிர்த்தனர். வேறிடத்துக்கு மாற்றுவது அழிப்பதற்குச் சமம் என்று செர்ரா வாதாடியும் 1989இல் அது அகற்றப்பட்டது. கலையின் கணக்கில் செர்ரா சொன்னது சரி. ஆனால் தினமும் அந்தச் சுவரைச் சுற்றி நடந்தவர்களின் குறையையும் தள்ளிவிட முடியவில்லை. அவர்களும் அந்த இடத்தின் பகுதிதானே?

இந்த இரண்டு அளவுகோலுக்கும் நிற்கும் படைப்பு நம்மவரிடம் உண்டு. தா. சனாதனன் 2004இல் யாழ்ப்பாண மக்களிடம் அன்றாடப் பொருள்களைக் கேட்டுச் சேகரித்துக் காட்சியாக நிறுவினார். அவர் அதற்குக் கொண்ட இடம், 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம். பொருளைக் கொடுத்தவர்களே பார்க்கவும் வரக்கூடிய இடம் அது.