பட்டாணிக்கு இல்லாத மடக்கு

தூத்துக்குடிக் கரையை முத்துக்குளித்துறை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. 1974-இல் பெருந்துறைமுகமாகி, 2011-இல் வ.உ.சி. பெயரைப் பெற்ற துறைமுகத்தில் இன்று இறங்கும் சரக்குகளில் பருப்பு வகைகளும் உண்டு. பர்மா உளுந்து, கனடாப் பட்டாணி, ஆஸ்திரேலியக் கொண்டைக்கடலை எல்லாம் இங்கே இறங்கி விருதுநகர் மண்டிகளுக்குப் போகின்றன. வியாபாரி அவற்றை நாடு பார்த்து, ரகம் பார்த்துப் பிரிப்பார். மரபியல் படித்தவர் வேறு விதமாகப் பிரிப்பார்: உளுந்து, பாசிப்பயறு, துவரை, தட்டைப்பயறு ஒரு பக்கம், பட்டாணி, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, வெந்தயம் மறுபக்கம். முதல் கூட்டத்தின் பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) டி.என்.ஏ.வில் ஒரு நீண்ட பகுதி தலைகீழாக இரண்டாம் முறையும் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் கூட்டத்தில் அது இல்லை.

முன்னும் பின்னும் ஒன்றுபோல் வாசிக்கப்படும் செய்யுளைத் தமிழ் யாப்பில் மாலைமாற்று என்பார்கள். சம்பந்தர் ஒரு பதிகத்தையே அப்படிப் பாடியிருக்கிறார். வந்த சொற்களே திரும்ப வருவது மடக்கு. டி.என்.ஏ.வில் நடப்பது இரண்டும் கலந்த ஒன்று. ஆகவே தலைகீழ் மடக்கு என்ற பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. டி.என்.ஏ.வுக்கு இரண்டு இழைகள். ஓர் இழையில் ஏ இருந்தால் எதிரில் டி. ஜி இருந்தால் எதிரில் சி. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எதிரிழையை அதற்குரிய திசையில் வாசித்தாலும் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்றே வரும். விகடகவி ஒரே வரியில் திரும்புகிறது. இது எதிர்வரிக்குத் தாவித் திரும்புகிறது. இரு பாதிகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான எழுத்துகள் கிடந்தாலும் உறவு அறுவதில்லை. இழைகள் பிரிந்தால், ஒரே இழையிலுள்ள இரு பாதிகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுபோல மடங்கிவிடும்.

இந்த மடங்கும் குணத்தால் ஆதாயமும் உண்டு, ஆபத்தும் உண்டு. பார்பரா மக்ளின்டாக் மக்காச்சோளத்தில் கண்ட தாவும் மரபணுக்களின் இரு முனைகளிலும் குட்டித் தலைகீழ் மடக்குகள் இருக்கின்றன. எங்கே வெட்டுவது என்று நொதி அவற்றைப் பார்த்துத்தான் அறிகிறது. மனிதனின் ஒய் குரோமோசோமில் இப்படிப்பட்ட எட்டுப் பெரிய மடக்குகள் இருப்பது 2003-இல் வெளியானது. மிகப் பெரியதன் நீளம் ஏறத்தாழ 29 லட்சம் எழுத்துகள். இணை இல்லாத அந்தக் குரோமோசோம் தன் பிரதியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு பிழை திருத்துகிறது. 11, 22 ஆம் குரோமோசோம்களிலுள்ள மடக்குகளோ உடைந்து, இடம் மாறி ஒட்டிக்கொண்டு, சில குடும்பங்களில் பிறவிக் குறைபாட்டைக் கொண்டுவருகின்றன.

ஆனால் மடக்கை அளந்து, ஒப்பிட்டு, நெடுநாள் வாதாடிய களம் பசுங்கணிகம்தான். 1979-இல் ரிச்சர்ட் கோலோட்னரும் கே. கே. திவாரியும் பசுங்கணிக டி.என்.ஏ. வளையங்களின் இழைகளைப் பிரித்து, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பசலை வகைக் கீரை, லெட்யூஸ், மக்காச்சோளம் மூன்றிலும் ஒரு பெரிய வளையம், ஒரு சிறிய வளையம், நடுவே இரட்டை இழையாக ஒட்டிய காம்பு தெரிந்தன. அந்தக் காம்புதான் தலைகீழ் மடக்கு. பட்டாணியில் காம்பே இல்லை. எழுத்து எழுத்தாகப் படிக்கும் வசதி பரவாத நாளில் வடிவத்தை மட்டும் பார்த்து அவர்கள் சொன்னது பின்னாளில் எழுத்தெண்ணியும் சரியானது. பாசிப்பயற்றின் பசுங்கணிகத்தில் 1,51,271 எழுத்துகள். 26,474 எழுத்துள்ள பகுதி அதில் இருமுறை வருகிறது. கொண்டைக்கடலையில் மொத்தமே 1,25,319.

அடுத்து ஜெஃப்ரி பால்மரும் வில்லியம் தாம்சனும் பாசிப்பயற்றையும் பட்டாணியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். பாசிப்பயற்றில் மரபணுக்களின் வரிசை பெரிதும் பழையபடியே இருந்தது. பட்டாணியில் கலைந்து கிடந்தது. மடக்கு போனால் வரிசை கலைகிறது என்று 1982-இல் எழுதினார்கள். மடக்கே கட்டமைப்பைக் காக்கும் தூண் என்ற எண்ணம் வேரூன்றியது அங்கிருந்துதான். அடுத்த ஆண்டே பால்மர், பீன்ஸ் செடியில் மடக்கின் இரு பிரதிகளுக்கு நடுவிலுள்ள சிறிய பகுதி இரு திசைகளிலும் சம அளவில் இருப்பதைக் காட்டினார். இரு பிரதிகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்போது நடுப்பகுதி புரண்டுவிடுகிறது.

தூண் என்ற கருத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஜெரேனியம் குடும்பத்துப் பெலார்கோனியத்தில் மடக்கு 75,000 எழுத்துகளுக்கு மேல் வீங்கியிருக்கிறது. இருந்தும் வரிசை தாறுமாறாகக் கலைந்திருக்கிறது. மடக்கை இழந்த பயறுக் கூட்டத்திலேயே மெடிக்காகோ இனம் ஒன்று புதிதாக ஒரு மடக்கைப் பெற்றிருப்பது 2019-இல் தெரியவந்தது.

மடக்கு பிழை திருத்த உதவுகிறது என்ற வாதம் அப்படியல்ல, அதற்கு எண் சாட்சி உண்டு. மடக்குக்குள் இருக்கும் மரபணுக்கள் வெளியே இருப்பவற்றைவிட இரு மடங்குக்கும் மேல் மெதுவாக மாறுகின்றன. ஒரு பிரதியில் பிழை விழுந்தால் மற்றதைப் பார்த்துச் சரிசெய்யப்படுகிறது. மடக்கை இழந்த பயறுகளில் எஞ்சிய ஒற்றைப் பிரதி, மற்ற மரபணுக்களின் வேகத்திலேயே மாறத் தொடங்கியதை ஆன்ட்வனெட் பெர்ரியும் கென்னத் உல்ஃபும் 2002-இல் காட்டினார்கள். பயறுக் குடும்பமும் மரபணுக்களும் அவையே. மடக்கு மட்டும் போனது, வேகம் கூடியது. இந்தத் துறையில் நான் அறிந்த மிக நேர்மையான சான்று இதுதான்.

இதில் நமக்கும் வேலை இருக்கிறது. துறைமுகத்திலிருந்து ஓரிரு மணி நேரப் பயணத்தில் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசல் காடுகள். வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கும் நிலம் அது. பாசிப்பயற்றின் பசுங்கணிகத்தை 2010-இல் முழுதாகப் படித்து வெளியிட்டவர்கள் தாய்லாந்து ஆய்வாளர்கள். பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியே வருவது. ஆகவே ஒரு நாட்டு ரகம் எந்தத் தாயின் வழி வந்தது என்பதை அதில் தேடலாம். கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, தூத்துக்குடி மாவட்டம் முழுக்கத் தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கரிசல் விவசாயி அடுக்குப் பானையில் எடுத்துவைத்திருக்கும் விதை தீர்ந்துபோவதற்குள், அதில் ஒரு கைப்பிடி வாங்கி முளைக்கவைத்து, இலையைப் படித்துவிடுங்கள்.