டாம்பரின் கேட்கிறதா?

1962 செப்டம்பர் 11, லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோ. லிவர்பூலைச் சேர்ந்த நால்வர் ராக் குழுவின் புது டிரம்மரை ஓரமாக நிற்கவைத்துக் கையில் டாம்பரினைக் கொடுத்துவிட்டு, அவர் இடத்தில் ஒரு ஸ்டூடியோ டிரம்மரை உட்கார வைத்தார்கள். ராக் ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. இதிலிருந்து எல்லோரும் எட்டும் தீர்ப்பும் ஒன்றுதான்: ஆள் சுமார், மற்ற மூவர் தயவில் கரையேறியவர். இந்தத் தீர்ப்பு தப்பு. அடியோடு தப்பு.

அக்டோபர் 5 அன்று கடைக்கு வந்த ‘லவ் மீ டூ’ சிங்கிளில் நாம் கேட்பது அந்த ஸ்டூடியோக்காரரின் வாசிப்பே அல்ல. ஒரு வாரம் முந்தி, செப்டம்பர் 4 அன்று, ‘சுமார்’ என்று நீங்கள் சொல்லும் அதே ஆள் வாசித்த பதிவுதான் சிவப்பு லேபிள் ஒட்டி வெளியானது. டாம்பரின் குலுங்கும் பதிவு மறு வருஷம் ஆல்பத்தில் வந்தது. பிறகு சிங்கிளிலும் அதுவே இடம்பிடித்தது. நாலாம் தேதிப் பதிவின் மூல நாடா மிஞ்சவில்லை. பின்னாளில் தேவைப்பட்டபோது பழைய இசைத்தட்டிலிருந்துதான் எடுத்தார்கள். 2012இல் ஐம்பதாம் ஆண்டு நினைவுத் தட்டை அச்சடித்தபோது தவறான பதிவைப் போட்டுவிட்டுத் திரும்பப் பெறும்படி ஆயிற்று. டாம்பரின் இருக்கிறதா என்று ஒரு முறை காது கொடுத்திருந்தால் போதும்.

இப்போது வாசிப்புக்கு வருவோம். குழுவில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாதவர். இடக்கைக்காரர், ஆனால் டிரம்ஸை வலக்கைக்காரர் வரிசையில் வைத்து வாசிப்பவர். வலக்கைக்காரர் ஒருவர் ஸ்நேரில் ஆரம்பித்து டாம்களில் உருண்டு போவது தண்ணீர் ஓடுவது போல இருக்கும். இவருக்கு இடக்கை முந்தும், வலக்கை குறுக்கே வரும். அதனால் ஃபில் எனும் இடை உருட்டு ஒரு மயிரிழை பிந்தும். எதிர்பாராத இடத்தில் தொடங்கும். அதைத் தடுமாற்றம் என்கிறார்கள். அது அவருடைய நடை. பின்னால் வந்த பாட்டுகளில் நாம் சொக்கிப்போனதெல்லாம் அந்த மயிரிழையில்தான்.

இந்தப் பாட்டிலோ அவர் அதைக்கூட எடுக்கவில்லை. என் கண் எப்போதும் இந்த ஒரு முடிவின் மேல்தான்: எதை வாசிக்காமல் விடுவது? இவர் சேர்வதற்கு முன், ஜூன் மாதம் இதே பாட்டைப் பதிவு செய்தபோதே, மவுத் ஆர்கன் வாசிப்பவரால் வரியின் கடைசிச் சொல்லைப் பாடிக்கொண்டே வாசிப்பைத் தொடங்க முடியாது என்று தலைப்பு வரியை பேஸ் கிதார்காரருக்கு மாற்றியிருந்தார்கள். கருவிகள் அடங்கி அந்தக் குரல் தனியாக நிற்கிற இடம்தான் பாட்டின் உயிர். புதிதாகச் சேர்ந்த எந்த டிரம்மருக்கும் அங்கே கை துறுதுறுக்கும், ‘நானும் இருக்கிறேன்’ என்று ஒரு உருட்டு உருட்டத் தோன்றும். இவர் விட்டுவிட்டார். ஸ்டூடியோக்காரரின் வாசிப்பு கச்சிதம், குறையே சொல்ல முடியாது. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போவது நாலாம் தேதிப் பதிவுக்கு.

பதினொன்றாம் தேதியும் அப்படியே. முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவில்லை. டாம்பரினை வாங்கிக்கொண்டார், பி பக்கத்துக்கு மராக்காஸைக் குலுக்கினார், வேலையை முடித்தார். அந்த அவமானத்தில் எத்தனை டிரம்மர் நின்றிருப்பார்கள்?

இன்று சிங்கிள் போடும் குழுக்கள் காதில் டிக் டிக்கென்று ஒலிக்கும் கிளிக் ட்ராக்கை வைத்து வாசித்து, பிறகு ஒவ்வொரு அடியையும் கணினியில் கட்டத்துக்குள் இழுத்துப் பொருத்துகின்றன. இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் இதில் சலிப்பு தட்டும். கிளிக்கை அணைத்துவிட்டு, நால்வரும் ஒரே அறையில் நின்று பதிவு செய்யும் இளம் குழு ஒன்று பெரிதாக ஜெயிக்கும். அதன் டிரம்மர் குறைவாக வாசிப்பவராக இருப்பார். மோனோ பதிவிலிருந்து ஒரே ஒரு கருவியைப் பிரித்தெடுக்கும் மென்பொருளும் வந்துவிட்டது. 2032இல் எழுபதாம் ஆண்டு வரும்போது அந்த டிரம்ஸைத் தனியாகக் கேட்கப் போகிறோம். அன்றைக்கு இந்த ‘சுமார்’ பேச்சு ஓயும். அதுவரை, பழைய தட்டுக் கடையில் சிவப்பு லேபிள் கண்ணில் பட்டால் முதலில் ஓடவிட்டுக் கேளுங்கள். டாம்பரின் கேட்கவில்லையா? விலை பேசாமல் வாங்கிவிடுங்கள்.