பெயர், நாள், அகவை: ‘லாஸ்ட் லைவ்ஸ்’ நூலின் நினைவுகூர் மொழியும் தமிழாக்கச் சிக்கல்களும்

1. நூலும் நோக்கமும்

வட அயர்லாந்தில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய அரசியல் வன்முறையில் 3,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் எப்படையையும் சாராத பொதுமக்கள். 1998ஆம் ஆண்டு உடன்பாட்டிற்குப் பின்னரும் அச்சமூகம் இரு வேறு நினைவுகளோடு வாழ்கிறது. ஒரு சாரார் எழுப்பும் நினைவுச்சின்னம் மறுசாராருக்குப் புண்ணாக அமைகிறது. இச்சூழலில், இறந்த ஒவ்வொருவரையும் சார்பு பாராமல் தனித்தனிப் பதிவாக எழுதிய நூல் ‘லாஸ்ட் லைவ்ஸ்’. டேவிட் மெக்கிட்ரிக், ஷேமஸ் கெல்டர்ஸ், பிரையன் ஃபீனி, கிறிஸ் தார்ன்டன் ஆகியோர் தொகுத்த இப்பெருநூல் 1999இல் வெளிவந்தது. பின்னைய பதிப்புகளில் டேவிட் மெக்வீயும் இணைந்தார். 2019இல் இதனை அடிப்படையாகக் கொண்ட ஆவணப்படமும் வெளிவந்தது. அதில் நடிகர்கள் இப்பதிவுகளை வாசித்தனர்.

இந்நூலை வரலாற்று ஆவணமாகக் கருதுவோர் பலர். இக்கட்டுரை இதனை ஒரு மொழிச்செயலாகக் கொண்டு ஆராய முற்படுகிறது. பிளவுண்ட சமூகத்தில் எளிய மக்களின் சாவைப் பொதுவில் நினைவுகூர உதவுவது உணர்ச்சிச் சொற்களன்று. பதிவின் வடிவ ஒழுங்கே என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆங்கிலத்தில் இயல்பாக அமைந்துவிடும் அவ்வொழுங்கைத் தமிழில் மொழிபெயர்ப்பாளர் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டியுள்ளது என்பதும் ஈண்டு விளக்கப்படும்.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். ‘இழந்த உயிர்கள்’ என்னும் தமிழாக்கம் பொருத்தமானதே. ‘உயிரிழந்தவர்’ என்னும் வழக்கில் இழந்தவர் இறந்தவரே. ‘இழந்த உயிர்கள்’ என்னும் பெயரெச்சத் தொடரிலோ எழுவாய் மறைந்து நிற்கிறது. இழந்தவர் யார்? குடும்பமா, ஊரா, சமயப் பிரிவா, நாடு முழுவதுமா? எழுவாயை வெளிப்படுத்தாமையே இத்தலைப்பின் ஆற்றல் எனலாம்.

2. கால வரிசையின் பொருள்

நூலின் பதிவுகள் இறந்த நாளின் வரிசையில் எண்ணிடப்பட்டுள்ளன. இது வெறும் நூலக ஒழுங்குபோல் தோன்றினும், சார்பு நினைவின் அடிப்படையையே இது கலைக்கிறது. ஒவ்வொரு தரப்பும் தன் கதையைத் தனக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து தொடங்கும். மறுதரப்பின் செயல் முதலாகவும் தன் தரப்பின் செயல் விடையாகவும் அமையும்.

1976 சனவரி 4 மாலையில் ‘லாயலிஸ்ட்’ ஆயுதக் குழுவினர் இரு கத்தோலிக்கக் குடும்பங்களின் வீடுகளில் புகுந்து சுட்டனர். ஐவர் உடன் மாண்டனர். மறுநாள் மாலை கிங்ஸ்மில் என்னுமிடத்தில் வேலை முடிந்து திரும்பிய பத்துப் புரோட்டஸ்டண்ட் தொழிலாளர் குடியரசுவாத ஆயுதக் குழுவினரால் கொல்லப்பட்டனர். முதல் நாள் சுடப்பட்டவர்களுள் மற்றொருவர் அம்மாத இறுதியில் இறந்தார். இறந்த நாளின் வரிசையில் அவருக்கும் அவருடைய உடன்பிறந்தோருக்கும் இடையே கிங்ஸ்மில் தொழிலாளர் பதின்மரும் இடம்பெறுகின்றனர். ஒரு தரப்பின் துயரை மட்டும் தொடர்ந்து படித்துச் செல்ல இவ்வரிசை இடந்தருவதில்லை.

தொடக்க நாளும் ஒரு தீர்ப்பே ஆகும். மால்கம் சட்டன் 1994இல் வெளியிட்ட பட்டியல் 1969இல் தொடங்குகிறது. ‘லாஸ்ட் லைவ்ஸ்’ 1966இல் தொடங்குகிறது. அவ்வாண்டு லாயலிஸ்ட் குழுவினரின் தாக்குதல்களில் மூவர் இறந்தனர். இருவர் கத்தோலிக்க இளைஞர். ஒருவர் 77 அகவையுடைய புரோட்டஸ்டண்ட் மூதாட்டி. அண்டையிலிருந்த கத்தோலிக்கரின் மதுக்கடையைக் குறிவைத்து எறியப்பட்ட தீக்குண்டு அவர் வீட்டைத் தாக்கியது. பிளவின் கோடு எவ்வளவு உறுதியாக வரையப்பட்டாலும் வன்முறை அக்கோட்டை மதிப்பதில்லை என்பதைத் தொடக்கப் பதிவுகளே உணர்த்திவிடுகின்றன.

3. வினையற்ற தொடர்

ஒவ்வொரு பதிவின் தலைவரியிலும் எண், நாள், பெயர், ஊர், பொதுமகனா படையினரா என்னும் நிலை, சமயம், அகவை, மணநிலை, தொழில் ஆகியன இடம்பெறுகின்றன. இவ்வரியில் வினைமுற்று இல்லை என்பது கருதத்தக்கது. வினை வந்தால் தேர்வும் வரும். பிளவுண்ட சமூகத்தில் ‘இறந்தார்’, ‘கொல்லப்பட்டார்’, ‘படுகொலை செய்யப்பட்டார்’, ‘வீரச்சாவடைந்தார்’ என்பன ஒருபொருட் பன்மொழியல்ல. பேசுவோரின் அணியைக் காட்டும் அடையாளங்கள். தலைவரி அனைவருக்கும் ஒரே சட்டகத்தை அளித்த பின்னரே, கொன்றவர் யார், எவ்வாறு என்பதை அதனடியில் வரும் உரைநடைப் பகுதி கூறுகிறது.

சமயத்தைத் தலைவரியில் சுட்டுவது பிளவை நிலைநிறுத்தாதா என வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் பலர் கொல்லப்பட்டதற்கு அவர்தம் சமயமே காரணமாயிருந்தது. அதனை நீக்கினால் காரணமே மறைந்துவிடும். சமயத்திற்கு அருகிலேயே அகவையும் தொழிலும் நிற்பதால், ‘கத்தோலிக்கர்’ என்னும் சொல் பண்டகசாலை ஊழியரையோ மதுக்கடைப் பணியாளரையோ முற்றிலும் விழுங்கிவிடுவதில்லை.

4. தமிழில் எழும் இரு சிக்கல்கள்

முதலாவது, மதிப்பு விகுதி. ஆங்கிலப் படர்க்கை ஒருமைப் பெயர் கொன்றவருக்கும் கொல்லப்பட்டவருக்கும் ஒன்றே. தமிழில் ‘அவன்’, ‘அவர்’ என்னும் தேர்வைத் தவிர்த்து ஒரு தொடரும் அமைப்பது அரிது. செய்தித்தாள் வழக்கைப் பின்பற்றினால் அமைச்சர் ‘இறந்தார்’, ஆயுதம் ஏந்தியவன் ‘இறந்தான்’, கைக்குழந்தை ‘இறந்தது’ என மூன்று படிநிலைகள் தோன்றிவிடும். மேலும் ‘-ஆன்’ விகுதி சிறுவனுக்கு வரும்போது பரிவையும், துப்பாக்கி ஏந்தியவனுக்கு வரும்போது இகழ்ச்சியையும் உணர்த்தும். எனவே பதிவுகள் அனைத்திலும், குழந்தைகள் உட்பட, ‘-ஆர்’ விகுதியையே கையாளுதல் தக்கது. ‘ஆறு மாதக் குழந்தை இறந்தார்’ என்பது செவிக்கு உறுத்தும். அவ்வுறுத்தலைப் பொறுத்துக்கொள்வதே மூலத்தின் சமநிலைக்குச் செய்யும் நேர்மையாகும்.

இரண்டாவது, ‘விக்டிம்’ என்னும் சொல். இலத்தீனில் இதன் மூலச்சொல் வேள்வி விலங்கைக் குறித்தது. அயர்லாந்து மொழியில் வழங்கும் ‘ஈபர்த்தாக்’ என்னும் சொல்லும் காணிக்கையைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்ததே. தமிழில் ‘பலி’ அவ்வாறே. சாலை விபத்துச் செய்திகளில் தேய்ந்துபோன இச்சொல் அரசியல் சாவில் தன் பழம்பொருளை மீண்டும் பெறுகிறது: பலி எனின் அதனை ஏற்கும் தெய்வமும் கொடுப்பதற்கொரு நோக்கமும் உண்டு என்றாகிறது. அங்காடிக்குச் சென்ற பெண்ணின் சாவு எந்தத் தெய்வத்துக்கும் கொடுத்த காணிக்கையன்று. மேலும், வட அயர்லாந்தின் 2006ஆம் ஆண்டுச் சட்ட ஆணை காயமுற்றோரையும், அவர்களைப் பேணுவோரையும், உறவினரை இழந்தோரையும் இச்சொல்லில் அடக்குகிறது. அவர்களைப் ‘பலியானோர்’ எனல் இயலாது. ஆதலின் சட்ட நூலில் ‘பாதிக்கப்பட்டோர்’ என்றும், இறந்தோர் பதிவில் ‘உயிரிழந்தோர்’ என்றும் வேறுபடுத்தி வழங்குதல் நன்று.

5. சமவடிவமும் சமநீதியும்

கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் ஒரே வரிசையில் வைப்பது அறமாகுமா என்பது இந்நூலின்மேல் எழும் கடுமையான வினா. 1993 அக்டோபரில் பெல்ஃபாஸ்டின் ஷாங்கில் சாலைக் கடையொன்றில் ஐ.ஆர்.ஏ. குண்டு வெடித்தது. இறந்தோர் ஒன்பதின்மரா, குண்டைக் கொண்டுவந்தவரையும் சேர்த்துப் பதின்மரா? 2009 சனவரியில் ஈம்ஸ், பிராட்லி ஆகியோர் தலைமையிலான குழு, இறந்தோர் ஒவ்வொருவரின் குடும்பத்திற்கும் 12,000 பவுண்டு வழங்கப் பரிந்துரைத்தது. ஆயுதக் குழுவினரின் குடும்பங்களும் அதில் அடங்கின. எதிர்ப்பு வலுத்தது, அரசு அதனைக் கைவிட்டது.

‘லாஸ்ட் லைவ்ஸ்’ இவ்வினாவுக்குத் தன் அமைப்பாலேயே விடை தருகிறது. தலைவரியின் வடிவம் ஒன்று. அதனடியில் உரைக்கப்படும் செய்தி வேறு. குண்டு வைத்தவருக்கும் எண் உண்டு. ஆனால் அவர் செய்தது இன்னது என்பதும் அவ்வெண்ணின்கீழ் எழுதப்படுகிறது. ஒரு தொகைக்கு அடிக்குறிப்பு எழுத முடியாது. ஒரு பதிவுக்கு எழுத முடியும். அரசின் பரிந்துரை தோற்ற இடத்தில் நூல் நிலைபெற்றமைக்கு இதனை ஒரு காரணமாகக் கருதலாம்.

எண்ணிக்கையும் எப்போதும் உறுதியானதன்று. 1998 ஆகஸ்டு 15இல் ஓமாவில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் இறந்தோர் 29 பேர் என்பது ஒரு கணக்கு. அவர்களுள் ஒருவரின் வயிற்றிலிருந்த இரட்டைக் கருவையும் சேர்த்து 31 என்பது மற்றொரு கணக்கு. எண்ணும்போதே மொழி தீர்ப்பு வழங்கிவிடுகிறது.

6. முடிவுரை

இந்நூலுக்கு எல்லையும் உண்டு. இறந்தோரைப் பதிவுசெய்யும் நூலில் உறுப்பிழந்து வாழ்வோருக்கும், உறக்கமிழந்து வாழ்வோருக்கும் எண் இல்லை. ஆயினும் எளியோர் சாவை எவ்வாறு எழுதுவது என்னும் வினாவுக்கு இது தரும் விடை தெளிவானது: அனைவர்க்கும் ஒரே சட்டகம், அதனுள் ஒவ்வொருவர்க்கும் வேறான செய்தி, செய்தவர் பெயரை மறைக்காத உரைநடை. இதனைத் தமிழாக்குவோர் ‘படுகொலை’, ‘பலி’, ‘தியாகம்’ போன்ற சொற்களால் மூலத்திற்கு வலுவூட்ட விழைதல் இயல்பு. அவ்விழைவை அடக்கி, விகுதியைக் காத்து, நாளையும் அகவையையும் பிழையின்றி எழுதினால் போதும். எப்படையையும் சாராமல் இறந்தவரை இறந்த பின்னர் ஒரு படையில் சேர்த்துவிடாமல் காப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.