“ஏன்?” என்று கேட்கும் தேர்வு

பொன்னை நிறுக்க ஒரு தராசு. விறகை நிறுக்க வேறொரு தராசு. இரண்டும் நல்ல தராசுகளே. ஆனால் ஒன்றின் வேலைக்கு மற்றதைக் கொண்டுவந்தால் அளவு பொய்த்துவிடும். கருவி பழுதில்லாமல் இருந்தால் மட்டும் போதாது. அளக்க வேண்டிய பொருளுக்கு அது பொருந்தவும் வேண்டும்.

தேர்வும் ஓர் அளவுகோலே. ஆகவே கல்வியியலார் அதற்கும் இரண்டு குணங்களை வகுத்துள்ளனர். ஒரே ஆளை யார் அளந்தாலும், எத்தனை முறை அளந்தாலும், ஏறக்குறைய ஒரே முடிவு கிடைப்பது நம்பகம். எதை அளக்கப் புறப்பட்டோமோ அதையே அளப்பது ஏற்புடைமை. இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கில ஆசிரியராக விரும்புவோரின் சொல்வளத்தையும் இலக்கண அறிவையும் சோதிக்கும் தேர்வுகளைச் சற்று ஆராய்வோம். இங்கே தவறாக அளந்தால் இழப்பு இருவருக்கு. தகுதி இருந்தும் வேலை கிடைக்காமல் போகிறவர் ஒருவர். தகுதியில்லாதவரிடம் ஆண்டுதோறும் வந்து அமரும் பிள்ளைகள் மற்றொரு தரப்பினர்.

பன்னிரண்டு மணி நேரத் தேர்வு

1913-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வு அமைப்பு ஒரு புதிய தேர்வைத் தொடங்கியது. பிற நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் அயல்மொழியாளருக்கென்றே அது ஏற்படுத்தப்பட்டது. பிரெஞ்சு அல்லது ஜெர்மனில் பெயர்க்க 2 மணி. அவற்றிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்க்கவும் இலக்கண வினாக்களுக்கு விடையளிக்கவும் இரண்டரை மணி. கட்டுரைக்கு 2 மணி. இலக்கியத்துக்கு 3 மணி. ஒலியியலுக்கு ஒன்றரை மணி. இவற்றுடன் சொல்வதெழுதல் அரை மணி. உரக்கப் படித்தலும் உரையாடலும் அரை மணி. ஆக 12 மணி நேரம்! முதல் ஆண்டில் மூவர் எழுதினர். மூவரும் தோற்றனர்.

இந்தத் தேர்வில் குறைகள் பல. கட்டுரைத் தலைப்புகளில் 1857-ஆம் ஆண்டின் இந்தியக் கிளர்ச்சியும் ஒன்று; இங்கிலாந்தின் உள்ளாட்சி வளர்ச்சி மற்றொன்று. ஒருவர் இங்கே திணறினால், அவருக்கு ஆங்கிலம் தெரியவில்லையா, வரலாறு தெரியவில்லையா என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தை அளக்க வந்த கோல் வேறு எதையோ சேர்த்து அளந்துவிடுகிறது. ஏற்புடைமை குறைகிறது என்பதன் பொருள் இதுதான்.

ஆயினும் அதே வினாத்தாளில் மூன்று நல்ல விதைகள் கிடந்தன. இலக்கணப் பகுதியில் ஐயத்துக்குரிய வாக்கியங்களைக் கொடுத்து, “திருத்துக அல்லது சரியென நிறுவுக, காரணம் கூறுக” என்று கேட்டிருந்தார்கள். ஒலியியல் தாளில், சில உயிரொலிகளைச் சரியாக ஒலிக்க ஒரு மாணவனுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பீர்கள் என்றும் ஒரு வினா இருந்தது. மொழிபெயர்ப்புத் தாளோ, கற்பிப்பவர் தம் மாணவரின் தாய்மொழியையும் அறிந்திருக்க வேண்டும் என்று உணர்த்தியது. காரணம் கூறுதல், கற்பிக்கும் வழி காட்டுதல், மாணவனின் மொழியை அறிதல் ஆகிய இம்மூன்றும் ஆசிரியருக்கே உரிய அறிவு. ஆங்கிலத்தில் நன்றாக எழுதும் வணிகருக்கோ வழக்கறிஞருக்கோ இவை தேவையில்லை.

காலப்போக்கில் இந்த விதைகள் உதிர்ந்தன. ஒலியியல் தாள் 1932-இல் கைவிடப்பட்டது. பின்னர் மொழிபெயர்ப்பும் போயிற்று. சி-2 புரொஃபிஷியன்சி என்ற பெயருடன் இன்று நடைபெறும் அத்தேர்வு சுமார் 4 மணி நேரத்தில் முடிகிறது. ஆங்கிலத்தில் உயர்ந்த தேர்ச்சி பெற்ற எவரையும் அளக்க அது நல்ல கருவி. ஆனால் ஆசிரியருக்கென்று பிறந்த தேர்வு, ஆசிரியரைத் தனியே அளப்பதை விட்டுவிட்டது.

நான்கில் ஒன்றைக் குறியிடுக

1961-இல் ராபர்ட் லாடோ என்னும் அமெரிக்க அறிஞர் மொழித் தேர்வு பற்றி ஒரு நூல் எழுதினார். ஒலி, சொல், இலக்கணம் என்று மொழியைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி வினாவால் சோதிக்கலாம் என்பது அவர் கருத்து. இவ்வகைத் தேர்வுகளில், நான்கு விடைகளுள் ஒன்றைக் குறியிடும் முறை உலகெங்கும் பரவியது. திருத்துவது எளிது. திருத்துபவரின் மனநிலைக்கேற்ப மதிப்பெண் மாறாது. அதாவது, நம்பகம் மிகுதி.

ஆனால் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 60 வினாக்கள், தேர்ச்சிக்கு 36 மதிப்பெண். ஒருவருக்கு 28 வினாக்களுக்கே விடை தெரியும். மீதி 32-க்கும் கண்ணை மூடிக்கொண்டு குறியிடுகிறார். நான்கில் ஒன்று சரியாக விழும் என்ற சராசரிக் கணக்கின்படி 8 கிடைக்கும். மொத்தம் 36, தேர்ச்சி! பாதிகூடத் தெரியாதவர் 60 விழுக்காடு பெற்றவராகிறார்.

இந்நோய்க்கு மருந்து உண்டு. தவறான ஒவ்வொரு விடைக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண்ணைக் கழித்தால், தவறிய 24 விடைகளுக்கு 8 போய்விடும். மீண்டும் 28-க்கே வந்துவிடுவார். ஊகத்தால் வந்த வீக்கம் வடிந்துவிடும். ஆனால் இம்மருந்து கணக்கைத்தான் சரிசெய்கிறது. சரியான விடையை அடையாளம் காண்பது ஒன்று. அது ஏன் சரி என்று பிறருக்கு விளக்குவது வேறொன்று. இரண்டாவதை இத்தேர்வு தொடுவதே இல்லை.

தமிழ்நாட்டில் 2012 முதல் நடைபெறும் ஆசிரியர் தகுதித் தேர்விலும் ஆங்கிலத்துக்கான 30 வினாக்கள் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஆயிரமாயிரம் பேர் எழுதும் தேர்வில் வடிகட்டியாக அதற்கு இடமுண்டு. வடிகட்டியையே தராசாகக் கொள்வதுதான் தவறு.

எது உயர்ந்த சொல்வளம்?

“உயர்நிலைச் சொல்வளம்” என்றதும் நம்மில் பலர் அரிய சொற்களின் பட்டியலைத் தேடுகிறோம். அச்சிட்ட நூலில் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணில் படும் சொல்லை மனப்பாடம் செய்கிறோம். இதனால் என்ன பயன் என்று எண்களைக் கொண்டு பார்க்கலாம்.

டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டைக் கண்டு, எந்தச் சொற்களை முதலில் கற்பிக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர். அவர் பதிப்பித்து 1953-இல் வெளிவந்த பட்டியலில் சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள் உள்ளன. சாதாரண ஆங்கில எழுத்தில் வரும் சொற்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு இந்தச் சிறு பட்டியலுக்குள் அடங்கிவிடும். அதோடு, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பொருளில் எவ்வளவு விழுக்காடு வருகிறது என்பதையும் அப்பட்டியல் காட்டியது. பிள்ளைகள் பிழை செய்வதும் பெரும்பாலும் இச்சொற்களில்தான்.

‘ஸே’, ‘டெல்’ என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். தமிழில் இரண்டும் ‘சொல்’ என்பதே. ஆகவே நம் பிள்ளை ‘ஹி ஸெட் மீ’ என்று எழுதிவிடுகிறது. ‘ஹி டோல்ட் மீ’ என்று சிவப்பு மையால் திருத்துவது எளிது. ‘டெல்’ என்பதற்குப் பின்னால் கேட்பவரின் பெயர் நேரே வந்து நிற்கும். ‘ஸே’ என்பதற்குப் பின்னால் சொன்ன செய்தி நிற்கும். கேட்பவரைச் சொல்ல வேண்டுமானால் இடையே ‘டு’ வேண்டும் என்று எடுத்துக்காட்டுகளுடன் விளக்குபவர் எத்தனை பேர்? நூறு அரிய சொற்களுக்குப் பொருள் சொல்லும் ஒருவர் இந்த இடத்தில் வாய் திறக்க முடியாமல் நிற்கக்கூடும். ஆசிரியருக்கு உயர்ந்த சொல்வளம் என்பது எளிய சொல்லின் ஆழத்தை அறிவதே. அகலத்தை மட்டும் அளக்கும் தேர்வு இதைக் காட்டாது.

ஹாங்காங் செய்த சோதனை

ஆசிரியரை ஆசிரியராகவே அளக்க ஹாங்காங் ஒரு முயற்சி செய்தது. அங்கு ஆங்கில ஆசிரியர்களுக்கான மொழித்திறன் தேர்வு 2001-இல் தொடங்கியது. படித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் ஆகிய நான்குடன் ஐந்தாவதாக வகுப்பறை மொழித் தேர்வும் உண்டு. அதில் ஆசிரியர் பாடம் நடத்தும்போதே மதிப்பீட்டாளர் வந்து கவனிப்பார். இலக்கணம், உச்சரிப்பு ஆகியவற்றோடு, மாணவரோடு உரையாடும் மொழியும் பாடத்தை விளக்கும் மொழியும் அங்கே மதிப்பிடப்படுகின்றன.

எழுத்துத் தாளில் இன்னும் சுவையான ஒரு பகுதி உண்டு. ஒரு மாணவன் எழுதிய கட்டுரையைக் கொடுத்து, பிழைகளைத் திருத்தச் சொல்வதோடு, சில பிழைகள் ஏன் பிழை என்றும் விளக்கச் சொல்கிறார்கள். 1913-இன் “காரணம் கூறுக” என்ற விதை இங்கே முளைத்திருக்கக் காண்கிறோம்.

இதன் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் ஹி கேம்’ என்று எழுதுவது சீன மாணவர்களின் வழக்கம். சீனமொழியில் ‘இருந்தபோதிலும்’ என்ற சொல்லும் ‘ஆனால்’ என்ற சொல்லும் இணையாக வருவது இயல்பு. ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றே போதும். நம் பிள்ளைக்கோ ‘மழை பெய்தாலும் அவன் வந்தான்’ என்பதில் ஒரே உருபு இரண்டு வாக்கியங்களையும் பிணைத்துவிடுகிறது. அங்கே இன்னொரு ‘ஆனால்’ கேட்பதில்லை. வீட்டு மொழி மாறினால் பிழையும் மாறுகிறது. இந்த வேறுபாடுகளைக் கண்டறிந்து அங்கேயே வினா எழுப்ப வேண்டும் என்று லாடோவும் வலியுறுத்தியிருந்தார். அவருடைய முறையில் குறியிடுதலை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த நல்ல கருத்தை உலகம் பெரும்பாலும் விட்டுவிட்டது எனலாம்.

ஹாங்காங் தேர்வும் குறையற்றதன்று. பணியில் இருப்பவர்களையும் தேர்வெழுதச் சொல்வதை எதிர்த்து 2000-இல் ஆசிரியர்கள் ஊர்வலம் போனார்கள். முதல் தேர்வில் எழுத்துத் தாளில் தேறாதவர்களே மிகுதி. ஆண்டுகள் பல வகுப்பெடுத்தவரின் தகுதியை ஒரு நாள் தாள் தீர்மானிக்கலாமா என்ற கேள்வியைப் புறக்கணிக்க முடியாது. விளக்க விடைகளை இருவர் திருத்தினால் மதிப்பெண் ஒன்றுபோல் வருவது அரிது. ஆகவே நம்பகத்தைக் காக்கக் கூடுதல் உழைப்பும் செலவும் ஆகும். இன்னொரு குறையும் உண்டு. பிழையை விளக்குவது தேர்வாளருக்காக. அவருக்கு இலக்கணக் கலைச்சொற்கள் போதும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அச்சொற்கள் எட்டா. பிள்ளைக்குப் புரியும்படி விளக்குக என்று கேட்டால்தான் அளவு முழுமை பெறும்.

நம் முடிவு

மூன்று தேர்வுகளையும் ஒப்பிட்டால் உண்மை தெளிவாகிறது. 1913-இன் தேர்வு சரியானவற்றைக் கேட்டது. ஆனால் வேண்டாதவற்றையும் சேர்த்துக் கேட்டது. குறியிடும் தேர்வு துல்லியமாக அளக்கிறது. ஆனால் தேவையானதில் பாதியைத் தொடவில்லை. ஹாங்காங் தேர்வு செலவையும் சர்ச்சையையும் ஏற்றுக்கொண்டு, ஆசிரியரின் தொழிலுக்கு நெருங்கி வந்தது. எளிதில் அளக்கக் கூடியதை அளந்துவிட்டு, அதுவே முக்கியமானது என்று நம்புவது அறிவியல் முறையாகாது.

ஆகவே ஊகத்துக்கு மதிப்பெண் கழிக்கும் குறியிடு தேர்வு முதற்படியாக இருக்கட்டும். அதில் தேறியவர்க்கு இரண்டாம் படியாக ஒரு மாணவனின் கட்டுரையைக் கொடுத்து, பிழையைத் திருத்தி, காரணத்தைப் பிள்ளைக்கு விளங்கும்படி எழுதச் சொல்லலாம். வினாத்தாளைத் திருத்த நாள் கூடும் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சில நாட்களை மிச்சப்படுத்தினால், பின்னர் பல ஆண்டுகள் வகுப்பறையில் அதற்கு விலை கொடுக்க நேரும்.

ஆங்கில ஆசிரியராக விரும்பும் மாணவ நண்பர்கள் தேர்வு மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரிய சொற்பட்டியலைச் சிறிது நேரம் மூடி வையுங்கள். தம்பி, தங்கையின் ஆங்கிலப் பயிற்சி ஏட்டைத் திறந்து, ஒரு பிழையைக் கண்டுபிடித்து, அது ஏன் பிழை என்று அவர்களுக்கே விளக்கிப் பாருங்கள். அவர்கள் முகம் தெளிந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.